மலையைக் கெல்லினார்கள், எலியைத் தேடவில்லை

1967 அக்டோபர் 1. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் முதுகுப் பக்கமாக, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிப் பழகிய ஆட்கள் வந்து ஒரு குழி வெட்டினார்கள். ஆறடி நீளம், ஆறடி ஆழம், மூன்றடி அகலம். வெட்டி முடித்ததும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து அதே மண்ணை அள்ளி அதே குழியை மூடினார்கள். உள்ளே பிணம் இல்லை, புதையல் இல்லை, தண்ணீர்க் குழாய்கூட இல்லை. மாநகராட்சி ஆதரவில் நடந்த பொதுவெளிச் சிற்பக் கண்காட்சிக்கு கிளேஸ் ஓல்டன்பர்க் என்ற சிற்பி செலுத்திய காணிக்கை இது. பார்வையாளர்களுக்கு இதில் ஒரு சௌகரியம். சிற்பம் பிடிக்கவில்லை என்றால் அதன் மேலேயே நடந்து போய்விடலாம்.

ஓல்டன்பர்க், கட்டில் அளவுக்குத் துணியில் ஹாம்பர்கர் தைத்த ஆசாமி. குழியை மூடிவிட்டுத் தன் வழக்கமான பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் அடுத்த ஒரு வருஷத்துக்குள் அமெரிக்கக் கலைஞர்களில் ஒரு கூட்டத்துக்கே மண்வெட்டிப் பித்துப் பிடித்துவிட்டது. தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புல்டோசரை வாடகைக்கு எடுத்தார்கள். லேண்ட் ஆர்ட் என்று இன்றைக்கு மரியாதையாக அழைக்கப்படும் சமாசாரம் அதுதான்.

எடுத்த எடுப்பில் யாரும் புல்டோசருக்குப் போய்விடுவதில்லை. அதற்கு முன்னால் மினிமலிசம் என்று ஒன்று நடந்திருந்தது. அதன் கொள்கை சிக்கனம். ஓவியத்தில் உருவம் எதற்கு, எடு. கதை எதற்கு, எடு. உணர்ச்சி, எடு. கலைஞனின் கைவண்ணம், அதையும் எடு. டொனால்ட் ஜட் அளவைச் சொல்லித் தகரப் பட்டறையில் பெட்டி அடித்து வாங்கினார். டான் ஃபிளேவின் கடையில் கிடைக்கிற டியூப்லைட்டை வாங்கிச் சுவரில் மாட்டினார். கார்ல் ஆந்த்ரே 1966-இல் 120 செங்கற்களைத் தரையில் இரண்டு வரிசை உயரத்துக்கு அடுக்கிவைத்தார். யாரும் வாங்கவில்லை. அவரும் அலட்டிக்கொள்ளாமல் கல்லைச் சூளைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1972-இல் லண்டன் டேட் அருங்காட்சியகம் அந்தப் படைப்பு வேண்டும் என்று வந்தபோது சூளையே மூடியிருந்தது. வேறு செங்கல் வாங்கி அதே மாதிரி அடுக்கிக் கொடுத்தார். 1976-இல் லண்டன் பத்திரிகைகளுக்கு விஷயம் தெரிந்து, மக்கள் வரிப்பணத்தில் செங்கலா என்று ஒரே கூப்பாடு. கோபக்காரப் பார்வையாளர் ஒருவர் கல்லின்மேல் நீலச் சாயத்தையே ஊற்றிவிட்டார்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு மிஞ்சியவை இரண்டு. ஒரு பெட்டி, அதைச் சுற்றி ஒரு வெள்ளைச் சுவர்க் கூடம். பெட்டியில் பார்க்க ஒன்றுமில்லாததால் ஜனங்கள் கூடத்தைப் பார்த்தார்கள். பெட்டி வெளிச்சத்தில் எப்படி நிற்கிறது, நாம் சுற்றி வரும்போது எப்படி மாறுகிறது என்று யோசித்தார்கள். அடுத்த தலைமுறை ஒரு படி மேலே போய்க் கேட்டது: இடம்தான் முக்கியம் என்றால் இந்த நாலு சுவர் எதற்கு? அதையும் எடு.

இதில் ஒரு சித்தாந்தமும் இருந்தது. காலம் 1968. வியட்நாம் போர், தெருவெல்லாம் ஊர்வலம். கலை என்பது பணக்காரன் வீட்டுச் சோபாவுக்கு மேலே மாட்டுகிற சாமான் ஆகிவிட்டது, வாங்கவும் முடியாத, விற்கவும் முடியாத, வீட்டுக்குத் தூக்கிப் போகவும் முடியாத கலையைச் செய்வோம் என்று சபதம். சோல் லெவிட் அந்த வருஷம் ஹாலந்தில் ஒரு கலைச் சேகரிப்பாளரின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கனசதுரப் பெட்டியைப் புதைத்துவிட்டு வந்தார். உள்ளே முக்கியமான, ஆனால் அதிக விலை பெறாத ஒரு பொருள் இருக்கிறது என்று மட்டும் தலைப்பில் தெரிவித்தார். வீட்டுக்காரருக்கு மிஞ்சியது, புதைக்கும்போது எடுத்த புகைப்படங்கள்.

இந்தக் கூட்டத்தின் வாய் என்று ராபர்ட் ஸ்மித்சனைச் சொல்லலாம். நியூஜெர்சியின் பசேயிக் ஊரில் 1938-இல் பிறந்தவர். குழந்தையில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். ஆமாம், கவிஞரேதான், பகலில் டாக்டர். 1967-இல் ஸ்மித்சன் நியூயார்க்கிலிருந்து பஸ் ஏறி, ஒரு சாதாரண இன்ஸ்டமாட்டிக் கேமராவோடு சொந்த ஊருக்குப் போனார். ஆற்றங்கரையில் கழிவுநீர் கொட்டுகிற குழாய்களைப் படம் பிடித்தார். அவற்றுக்கு நீரூற்று நினைவுச்சின்னம் என்று பெயர் சூட்டினார். சிறுவர்கள் விளையாடும் மணல் தொட்டியும் நினைவுச்சின்னப் பட்டியலில் சேர்ந்தது. இதையெல்லாம் கட்டுரையாக எழுதி ஆர்ட்ஃபோரம் பத்திரிகையில் அச்சேற்றியும்விட்டார். ரோமாபுரிக்குப் போய்ப் பாழடைந்த தூண்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு அவர் சொன்ன சேதி, எங்கள் ஊர் கட்டி முடிப்பதற்கு முன்பே பாழாகிவிட்டது, பஸ் கட்டணமும் குறைவு என்பதுதான். அந்தப் பஸ்ஸில் படிக்க அவர் வாங்கிய புத்தகம் பிரையன் ஆல்டிஸ் எழுதிய எர்த்வொர்க்ஸ் என்ற விஞ்ஞான நாவல். மறுவருஷம் இந்த இயக்கத்தின் முதல் கண்காட்சிக்கு வைத்த பெயரும் அதுவே.

கண்காட்சி நடந்தது 1968 அக்டோபரில், நியூயார்க் டுவான் காலரியில். காலரியை ஒழிப்போம் என்று கிளம்பியவர்கள் முதலில் போய்ச் சேர்ந்தது காலரிக்குத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் வர்ஜீனியா டுவான், 3எம் கம்பெனிக் குடும்பத்து வாரிசு. ஒட்டும் நாடாவில் வந்த காசு, எதிலும் ஒட்டாத கலைக்குப் போனது. படைப்புகள் பாலைவனத்தில் கிடந்ததால் சுவரில் பெரும்பாலும் புகைப்படங்களே தொங்கின. நேரில் வந்து நின்றவற்றில் ஒன்று ராபர்ட் மோரிஸின் குவியல்: மண், கிரீஸ், கம்பளித் துண்டு, குழாய், கம்பி. விற்க முடியாத கலை என்ற கொள்கை இங்கே நூற்றுக்கு நூறு வென்றது.

கொள்கை எப்படியிருந்தாலும் டீசலுக்குக் காசு வேண்டும். ஓவியனுக்குச் சாயமும் துணியும் போதும். கடன் சொல்லியாவது வாங்கிவிடலாம். பாலைவனத்தைத் தோண்டுகிறவனுக்கு டிப்பர் லாரி, ஓட்டுநர் கூலி, வெடிமருந்து, நிலம். ஆகவே பணக்காரர்களிடமிருந்து தப்பி ஓடியவர்களுக்கு முன்னெப்போதையும்விடப் பெரிய பணக்காரர்கள் தேவைப்பட்டார்கள். மைக்கேல் ஹெய்சர் 1968-இல் நெவாடா பாலைவனத்தில் தோண்டிய ஒன்பது பள்ளங்களுக்குச் செலவு செய்தவர் நியூயார்க்கில் டாக்ஸிகள் ஓட்டிச் சம்பாதித்த ராபர்ட் ஸ்கல். மீட்டர் போட்டுச் சேர்த்த காசு பள்ளத்தில் விழுந்தது என்பதை இவ்வளவு நேரடியாக யாரும் நிரூபித்ததில்லை.

ஹெய்சரின் அப்பா தொல்லியல் பேராசிரியர். அவரும் தோண்டினார், ஆனால் எதையாவது கண்டுபிடித்தார். மகனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1969-இல் நெவாடாவின் மோர்மன் மேசா என்ற மேட்டின் விளிம்பில் ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு கரையிலும் நேருக்கு நேராக இரண்டு வாய்க்கால் வெட்டினார். 50 அடி ஆழம், 30 அடி அகலம். இரண்டையும் இடைவெளியையும் சேர்த்து 1,500 அடி நீளம். அகற்றிய பாறையும் மண்ணும் 2,40,000 டன். பெயர் டபுள் நெகட்டிவ். படைப்பின் பெரும்பகுதி நடுவில் இருக்கிற வெற்றிடம். அதை ஹெய்சர் தொடவே இல்லை, ஏற்கெனவே அங்கே இருந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவனைப் பார்த்துச் சிரிக்கிற உலகம் இது. ஹெய்சர் எலியைத் தேடவே இல்லை. கெல்லியதே போதும் என்று விட்டுவிட்டார். நிலத்தை வாங்கிக் கொடுத்தவர் டுவான் அம்மையார். பின்னாளில் அவர் அந்தப் பள்ளத்தை லாஸ் ஏஞ்சலஸ் தற்காலக் கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகவும் கொடுத்தார். லாரி அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பத்திரத்தில் கையெழுத்து மாறியது.

ஸ்மித்சன் இதற்குள் கொட்டுவதில் இறங்கியிருந்தார். 1969-இல் ரோம் அருகே ஒரு கைவிடப்பட்ட கல்குவாரிச் சரிவில் லாரி நிறையத் தாரைக் கொட்டி வழியவிட்டார். 1970 ஜனவரியில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு விருந்தினராகப் போனார். சேற்றை வழியவிடுவது திட்டம். ஒஹையோ குளிரில் சேறு உறைந்துவிட்டது, அவருக்கும் காய்ச்சல். விருந்தாளி சும்மா திரும்பலாமா? வளாகத்திலிருந்த பழைய மரக்கொட்டகைமேல் இருபது வண்டி மண்ணைக் கொட்டவைத்தார். நடு உத்திரம் விரிசல் விட்டதும் நிறுத்தச் சொன்னார். விரிசல்தான் படைப்பு. 10,000 டாலர் மதிப்புப் போட்டு அதைப் பல்கலைக்கழகத்துக்கே அன்பளிப்பும் செய்தார். இடித்தவனே இடிந்ததற்கு மதிப்பீட்டுச் சான்று கொடுத்து, இடம் கொடுத்தவனுக்கே தானமும் செய்த வைபவம் வரலாற்றில் அபூர்வம். அதே நாட்களில் கனடாவின் வான்கூவர் பக்கம் ஒரு குட்டித் தீவின்மேல் 100 டன் கண்ணாடிச் சில்லைக் கொட்டவும் ஏற்பாடு நடந்தது. பறவைகளும் கடல்நாய்களும் என்ன பாடுபடும் என்று சூழலியலார் கொதித்தார்கள். அனுமதி ரத்து. இவர்களை இயற்கைக் காவலர்கள் என்று நினைத்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை வழக்கமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

கண்ணாடி போனால் கருங்கல். 1970 ஏப்ரலில் ஸ்மித்சன் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரிக்கு வந்தார். ரோஸல் பாயின்ட் என்ற அந்தக் கரையில் உப்பில் வாழும் நுண்ணுயிர்களால் தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. பக்கத்திலேயே எண்ணெய் தோண்டிக் கைவிட்ட துருப்பிடித்த இரும்புக் குப்பை. அவருக்குப் பரம சந்தோஷம். பசேயிக்கின் பெரியப்பா வீட்டுக்கு வந்த மாதிரி. ஏரிக்குள் சுருளாக ஒரு கரை போட வேண்டும் என்றார். கேட்ட காண்ட்ராக்டர்கள் எதற்கு என்று கேட்டார்கள். எங்கும் போகாத பாதை, அதுவும் சுற்றிச் சுற்றி. கடைசியில் ஓக்டன் ஊரிலிருந்து, கரை கட்டிப் பழக்கமுள்ள ஒருவர் சம்மதித்தார்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இரண்டு டிப்பர் லாரி, ஒரு டிராக்டர், ஒரு லோடர். ஸ்மித்சன் தொடை வரைக்கும் ஏறுகிற ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, குச்சி நட்டுக் கயிறு கட்டி வழி குறிக்கிறார். லாரி பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து, தான் இப்போதுதான் கொட்டிய கல்லின்மேல் நின்று அடுத்த லோடைக் கொட்ட வேண்டும். சக்கரம் ஒரு சாண் விலகினால் கீழே புதைசேறு. ஓட்டுநரின் கவலை அவருக்கு. கலைஞரின் கவலை, அந்தக் கல் கொஞ்சம் இடப்பக்கம் இருக்கலாமே. எப்படியோ முடிந்தது. வண்டிகள் வீடு திரும்பின. சில நாள் கழித்து ஸ்மித்சன் திரும்பக் கூப்பிட்டார்: வடிவம் சரியாக வரவில்லை, மாற்ற வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் படிக்கட்டை இடம் மாற்றச் சொல்லும்போது மேஸ்திரி விடுகிற பெருமூச்சை யூட்டா ஏரி அன்று கேட்டிருக்கும். பழைய கல்லைப் பிடுங்கி மறுபடி போட்டார்கள். 6,650 டன் கல்லும் மண்ணும், 1,500 அடி நீளம், 15 அடி அகலம், இடஞ்சுழியாக ஒரு சுருள். ஸ்பைரல் ஜெட்டி. அரசாங்கத்திடமிருந்து குத்தகை, வருஷத்துக்கு 100 டாலர்.

ஸ்மித்சன் வறட்சிக் காலத்தில் வந்திருந்தார். ஓரிரு வருஷத்தில் மழை சரியாகப் பெய்து ஏரி ஏறியது. ஜெட்டி முழுகியது. அடுத்த முப்பது வருஷம், இந்த இயக்கத்தின் தலையாய படைப்பை உலகம் பார்த்தது புகைப்படத்திலும், ஸ்மித்சனே எடுத்த 32 நிமிடப் படத்திலும்தான். கலை மாணவர்கள் தேர்வு எழுதினார்கள், பேராசிரியர்கள் ஆய்வேடு எழுதினார்கள், பொருள் தண்ணீருக்குள் கிடந்தது. ஸ்மித்சன் அதைப் பார்க்க இல்லை. 1973 ஜூலை 20 அன்று டெக்சாஸில் அடுத்த படைப்புக்கான இடத்தை ஆகாயத்திலிருந்து பார்க்கப் போன சின்ன விமானம் விழுந்தது. வயது 35. அமரில்லோ ராம்ப் என்ற அந்தப் படைப்பை மனைவி நான்சி ஹோல்ட்டும் நண்பர்களும் முடித்துவைத்தார்கள்.

ஹோல்ட் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டவர். யூட்டா பாலைவனத்தில் 40 ஏக்கர் வாங்கி, ஒவ்வொன்றும் 22 டன் எடையுள்ள நான்கு கான்கிரீட் குழாய்களைக் கிடத்தினார். ஜூன், டிசம்பர் மாதங்களில் சூரியன் கடைக்கோடியில் உதித்து மறைகிற நாட்களில், குழாயின் நடுவே சூரியன் சரியாக வந்து நிற்கும். குழாயின் மேல்பக்கத்தில் நட்சத்திரக் கூட்டங்களின் வடிவில் துளைகள். நட்டநடுப் பகலில் உள்ளே நின்றால் காலடியில் விண்மீன் விழும். 1976-இல் முடிந்தது. மற்றவர்கள் எவ்வளவு டன் நகர்த்தினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, வெயிலில் வந்தவனுக்கு ஒதுங்க நிழல் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

வால்டர் டி மரியா வேறு ரகம். ஒரு காலத்தில் ராக் பாடகர் லூ ரீடோடு ஒரே குழுவில் டிரம் வாசித்தவர். பிறகு சத்தமில்லாத வேலைக்கு மாறினார். 1977 அவருக்கு அமோக விளைச்சல். நியூயார்க் சோஹோவில் 141, வூஸ்டர் தெருவில், மாடியில் 3,600 சதுர அடிக் கூடத்தில் 22 அங்குல உயரத்துக்கு மண் நிரப்பினார். சுமார் 127 டன். பெயர் மண் அறை. மாடி வீடு வாடகைக்குக் கிடைக்காமல் ஊரே அலைகிற இடத்தில், மண் மட்டும் அரை நூற்றாண்டாகக் குடியிருக்கிறது. ஒருவர் வந்து தண்ணீர் தெளித்து வாரிவிட்டு, முளைக்கிற காளானைப் பிடுங்கிப் போடுகிறார். விதைப்பது மட்டும் கிடையாது.

அதே வருஷம் ஜெர்மனியின் காஸல் நகரச் சதுக்கத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கோபுரத்தை நிறுத்தி, ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டார். அதில் ஒரு கிலோமீட்டர் நீளப் பித்தளைக் கம்பியை இறக்கினார். வெளியே தெரிவது கம்பியின் தலை மட்டும், குறுக்களவு இரண்டு அங்குலம். மீதி 999 மீட்டர் சொச்சத்தை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டும். செலவைக் கொடுத்தது டியா அறக்கட்டளை. அதன் பின்னே இருந்த சொத்து ஷ்லம்பர்ஜே என்ற எண்ணெய்க் கிணற்றுத் தொழில்நுட்பக் குடும்பத்தினுடையது. துளை போட்டுச் சம்பாதித்ததைத் துளையிலேயே போட்டார்கள். நியூ மெக்சிகோவில் 400 எவர்சில்வர் கம்பங்களை ஒரு மைலுக்கு ஒரு கிலோமீட்டர் பரப்பில் நட்டதும் அந்த வருஷம்தான். தரை மேடு பள்ளமாக இருந்தாலும் கம்பங்களின் நுனிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். மேலே ஒரு கண்ணாடிப் பலகையை வைத்தால் ஆடாது. பெயர் மின்னல் வயல். மின்னல் விழுவது அபூர்வம்.

இனி பத்திரக் கணக்கு. விற்க முடியாத கலைக்கு இன்று உரிமையாளர் இல்லாத மூலை கிடையாது. மண் அறை, பித்தளைக் கம்பி, மின்னல் வயல் மூன்றும் டியாவின் பொறுப்பு. 1999-இல் ஸ்பைரல் ஜெட்டியும் அங்கே போய்ச் சேர்ந்தது. 2002 வாக்கில் ஏரி வற்றி ஜெட்டி உப்புப் பூத்து வெள்ளையாக மேலே வந்தது. ஸ்மித்சன் ஆசைப்பட்டு வந்த துருப்பிடித்த எண்ணெய்க் குப்பையை மாநில அரசு 2005-இல் பொறுப்பாக அள்ளித் துப்புரவு செய்தது. 2008-இல் சில மைல் தள்ளி எண்ணெய் தோண்ட ஒரு கம்பெனி மனுப்போட்டபோது, படைப்பின் சூழல் கெடும் என்று கலை ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் ஆட்சேபம் அனுப்பினார்கள். 2011-இல் குத்தகை காலாவதியாகிவிட்டது என்று மாநிலம் நோட்டீஸ் விட, டியா பதறிப்போய்ப் புதுப்பித்துக்கொண்டது. 2017-இல் யூட்டாவின் அதிகாரபூர்வ மாநிலக் கலைப்படைப்பு என்று சட்டமும் ஆயிற்று. எந்த ஓவியத்துக்கும் இவ்வளவு கோப்பு ஓடியிருக்காது.

ஹெய்சர் மட்டும் சளைக்கவில்லை. 1969-இல் 120 டன் பாறையைத் தூக்கப் பார்த்து கிரேனின் கை முறிந்தது. நாற்பது வருஷம் அந்த ஆசையை மனதில் வைத்திருந்து, 2012-இல் 340 டன் பாறையோடு திரும்பி வந்தார். ரிவர்சைட் பக்கத்துக் குவாரியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்துக்குச் சுமார் 105 மைல், பதினோரு ராத்திரி, நடை வேகம். வழியில் சிக்னல் கம்பங்களைக் கழற்றினார்கள், மின்கம்பிகளைத் தூக்கிப் பிடித்தார்கள், மரக்கிளைகளை வெட்டினார்கள். தெருவில் கூட்டம் திரண்டு ஆரவாரம் செய்தது. போய்ச் சேர்ந்த பாறை, அடியில் ஜனங்கள் நடக்கிற கான்கிரீட் பள்ளத்தின் இரு விளிம்பிலும் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. பெயர், மிதக்கும் பாரம். மொத்தச் செலவு ஒரு கோடி டாலர்.

இதற்கெல்லாம் நடுவே நெவாடாவில் அவர் ஒரு நகரமே கட்டிக்கொண்டிருந்தார். பெயரும் சிட்டிதான். ஒன்றரை மைல் நீளம், அரை மைல் அகலம், மண் மேடுகளும் கான்கிரீட் வடிவங்களும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. நடுவில் அணுக்கழிவு ரயில்பாதை பக்கத்தில் வரப்போகிறது என்றதும் சண்டை. 2015-இல் அதிபர் ஒபாமா அதைச் சுற்றி ஏழு லட்சம் ஏக்கரைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். 2022-இல் திறந்தார்கள். ஐம்பது வருஷம், நான்கு கோடி டாலர். முன்பதிவு அவசியம். ஒரு நாளைக்கு ஆறு பேர். ஆளுக்கு 150 டாலர். படம் எடுக்கக் கூடாது.

ஆக, பணக்காரர்களின் வரவேற்பறையிலிருந்து கலையை விடுவித்து ஆகாயத்தின் கீழே கொண்டு வைத்தாகிவிட்டது. இப்போது அங்கே போக விமானம், வாடகைக் கார், முன்பதிவு எல்லாம் வேண்டும். சுதந்திரமாகப் பார்க்கக் காசு கேட்காமல் விடுகிறவற்றில் ஒன்று சோஹோ மண் அறை. அது முன்னாளில் ஒரு காலரி. இவர்கள் விட்டு ஓடிய நியூயார்க் காலரிகளிலும் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, நுழைவுக் கட்டணம் கிடையாது. தெருவில் போகிற எவனும் கதவைத் தள்ளிக்கொண்டு போய், மழைக்கு ஒதுங்கி, செங்கல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம்.